மோட்டார்சைக்கிள் இன்ஜினில் கேம் டைமிங் அளந்து வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடத்துக்கு வண்டி கொண்டுபோகும் நண்பர்களும், பழைய 400 சிசி வண்டியை விட மனமில்லாமல் வைத்திருக்கும் தம்பிகளும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. பகலில் எனக்கு வேறு வேலை. இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் ஒரு பட்டறையின் மூலையில் இன்ஜின் பிரித்துக்கொண்டிருப்பேன். வால்வு கிளியரன்ஸ், அதாவது வால்வுக்கும் கேமுக்கும் உள்ள இடைவெளி பார்த்து, அதைச் சரிசெய்யும் ஷிம் வில்லையை மாற்றும் அளவுக்குக் கைப்பழக்கம் உள்ளவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். இங்கே வரும் எண்கள் விளக்கத்துக்காகத்தான். உங்கள் இன்ஜினுக்கு உரிய எண் சர்வீஸ் கையேட்டில் இருக்கும், அல்லது கேம் செய்தவர் கேமுடன் தரும் தாளில் இருக்கும்.

கேம் டைமிங் என்றால் சரியாக எது?

பிஸ்டனோடு இணைந்த கிராங்க் இரண்டு சுற்று சுற்றும்போது, வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றுகிறது. அந்த இரண்டு சுற்றுக்குள், அதாவது 720 டிகிரிக்குள், நான்கு காரியங்கள் நடக்க வேண்டும்: காற்று உள்ளே வரும் இன்டேக் வால்வு திறப்பது, மூடுவது, புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வு திறப்பது, மூடுவது. ஒவ்வொன்றும் கிராங்கின் எந்த டிகிரியில் நடக்கிறது என்பதே கேம் டைமிங். டிகிரி என்று நான் எழுதும் இடமெல்லாம் கிராங்க் டிகிரிதான். கேம் டிகிரி என்றால் தனியாகச் சொல்வேன். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் பலர் செய்யும் முதல் தவறு.

நான்கிலும் முக்கியமானது எது என்று கேட்டால், இன்டேக் மூடும் நேரம் என்பேன். பிஸ்டன் அடிக்குப் போய் மேலே ஏறத் தொடங்கிய பிறகும் இன்டேக் வால்வு திறந்தே இருக்கும். உள்ளே பாய்ந்து வரும் காற்றுக்கு வேகம் இருக்கிறது. பிஸ்டன் திரும்பிவிட்டாலும் அது இன்னும் கொஞ்சம் உள்ளே ஏறும். சுற்று கூடக் கூட அந்த வேகமும் கூடும், தாமதமாக மூடுவது லாபம். குறைந்த சுற்றில் அதே தாமதம் நட்டம்: பிஸ்டன் உள்ளே வந்த காற்றையே திரும்ப இன்டேக் குழாய்க்குள் தள்ளிவிடும். ஒரே கேமை வைத்துக்கொண்டு இரண்டு இடத்திலும் முழு லாபம் பார்க்க முடியாது. எங்கே விட்டுக்கொடுப்பது என்று முடிவெடுப்பதுதான் இந்த வேலை.

எவ்வளவு சின்ன நேரம் என்று பாருங்கள். நிமிடத்துக்கு 12,000 சுற்றில் கிராங்க் ஒரு விநாடிக்கு 200 முறை சுற்றுகிறது. இன்டேக் வால்வு 246 டிகிரி திறந்திருந்தால், அதற்குக் கிடைப்பது சுமார் 3.4 மில்லி விநாடி. அதற்குள் சிலிண்டர் நிரம்பியாக வேண்டும்.

கம்பெனி ஸ்புராக்கெட்டில் மார்க் போட்டுத் தந்திருக்கிறதே, அதை வைத்தால் போதாதா?

சாலையில் ஓட்டும், கை வைக்காத இன்ஜினுக்குப் போதும். மார்க் சொல்வது ஒன்றே ஒன்று: கிராங்கிலிருந்து கேமைச் சுற்றும் செயின், பல் சக்கரமான ஸ்புராக்கெட்டில் பல் மாறி உட்காரவில்லை. அதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. 34 பல் உள்ள கேம் ஸ்புராக்கெட்டில் ஒரு பல் என்பது 21 டிகிரிக்கும் மேல். இரண்டு மூன்று டிகிரி தள்ளியிருந்தால் கண்ணுக்கு மார்க் நேராகத்தான் தெரியும்.

அந்த இரண்டு மூன்று டிகிரி எங்கிருந்து வருகிறது? தொழிற்சாலையில் ஸ்புராக்கெட் துளை, கேம் ஃபிளாஞ்ச், செயின் ஆகிய ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் விலகல் அனுமதி உண்டு. எல்லாம் ஒரே பக்கம் சேர்ந்துகொள்ளும் இன்ஜினும் உண்டு. அதைவிடப் பெரிய காரணம் நாம் செய்யும் வேலை. கம்ப்ரெஷன் ஏற்ற ஹெட்டைச் சீவுகிறோம், அல்லது மெல்லிய பேஸ் கேஸ்கெட் போடுகிறோம். ஹெட் கீழே இறங்கியதும் செயினின் இறுக்கமான பக்கம் கொஞ்சம் நீளமாகிப் போகிறது, கிராங்க் கூடுதலாகச் சுற்றிய பிறகுதான் கேம் நகர்கிறது. அதாவது இரண்டு கேமும் ரிட்டார்ட் ஆகின்றன, வால்வுகள் தாமதமாகத் திறந்து மூடுகின்றன.

எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடலாம். கிராங்க் ஸ்புராக்கெட்டில் 17 பல், செயின் கண்ணி இடைவெளி 6.35 மிமீ என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு 17 × 6.35, சுமார் 108 மிமீ செயின் நகர்கிறது. 108 மிமீக்கு 360 டிகிரி என்றால், 0.3 மிமீக்கு ஒரு டிகிரி. 0.3 மிமீ மெல்லிய கேஸ்கெட் போட்டதற்கே ஒரு டிகிரி போய்விட்டது. ஹெட்டும் சீவியிருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூருக்கே உரிய காரணம் ஒன்று உண்டு. வாகன உரிமைச் சான்றிதழ் விற்கும் விலையில் பத்து ஆண்டு முடிந்தாலும் பலர் வண்டியை விடுவதில்லை, சான்றிதழைப் புதுப்பித்து ஓட்டுகிறார்கள். பதினைந்து வயது இன்ஜினில் டைமிங் செயின் நீண்டிருக்கும். நீண்ட செயினும் கேமை ரிட்டார்ட் செய்கிறது. நடுச் சுற்றில் வண்டி முன்பு போல இழுக்கவில்லை என்று வருபவர்களுக்கு நான் முதலில் செயினை அளந்து, புதிது போடச் சொல்வேன். கேமை நகர்த்தி வைக்க வசதியாகப் போல்ட் துளையை நீட்டிய, ஸ்லாட் போட்ட ஸ்புராக்கெட் வாங்குவதெல்லாம் அப்புறம்.

என்னென்ன கருவிகள் வேண்டும்?

டிகிரி குறித்த வட்டத் தகடான டிகிரி வீல், 0.01 மிமீ காட்டும் டயல் கேஜ், அதை அசையாமல் பிடிக்கும் தாங்கி, பிளக் துளையில் மாட்டி பிஸ்டனைத் தடுத்து நிறுத்தும் பிஸ்டன் ஸ்டாப், டார்க் ரெஞ்ச், ஒரு துண்டுத் தடித்த கம்பி. டிகிரி வீல் பெரிதாக இருக்கட்டும். 20 சென்டிமீட்டர் விட்டத்துக்குக் குறைந்ததில் அரை டிகிரியை நம்பிக்கையோடு படிக்க முடியாது.

தாங்கி விஷயத்தில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஜாலான் புசார் பக்கத்து ஹார்டுவேர் கடையில் காந்த அடி உள்ள தாங்கியை வாங்கி வருவார்கள். ஹெட் அலுமினியம், அதில் காந்தம் ஒட்டாது. கேம் கவர் போல்ட் துளைகளைப் பயன்படுத்தி 6 மிமீ இரும்புத் தகடு ஒன்றை ஹெட்டின் மேல் இறுக்குங்கள், தாங்கியை அதன் மேல் வையுங்கள். தகடு மெலிந்திருந்தால் வால்வு ஸ்பிரிங் தள்ளும்போது வளையும், உங்கள் எண்ணும் வளையும்.

நம் ஊர் ஈரத்துக்கு டயல் கேஜின் தண்டு சீக்கிரம் ஒட்டிக்கொள்ள ஆரம்பிக்கும். சிலிக்கா ஜெல் பையோடு மூடிய டப்பாவில் வையுங்கள். தண்டுக்கு எண்ணெய் விட வேண்டாம். எண்ணெய் தூசியைப் பிடித்து இன்னும் ஒட்டும்.

டிடிசியை எப்படித் துல்லியமாகப் பிடிப்பது?

டிடிசி, அதாவது பிஸ்டன் உச்சிக்கு வரும் இடம். எல்லாக் கணக்கும் இதிலிருந்துதான் தொடங்குகிறது. இது ஒரு டிகிரி தவறினால் பின்னால் அளக்கும் எல்லாமே ஒரு டிகிரி தவறு.

பிஸ்டன் ஏறி நிற்கும் இடத்தைப் பார்த்து டிடிசி என்று முடிவு செய்ய முடியாது. உச்சியில் பிஸ்டன் ஏறக்குறைய நின்றே விடுகிறது. யமஹா ஆர்6 போல 42.5 மிமீ ஸ்ட்ரோக் உள்ள இன்ஜினில், உச்சியிலிருந்து 5 டிகிரி கிராங்கைத் திருப்பினாலும் பிஸ்டன் இறங்குவது சுமார் 0.1 மிமீ மட்டுமே. ஸ்க்ரூடிரைவரைப் பிளக் துளையில் விட்டு விரலால் உணர்ந்து டிடிசி கண்டுபிடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த முறையில் மூன்று நான்கு டிகிரி தவறு தெரியவே தெரியாது.

சரியான முறை, உச்சியை விட்டுவிட்டு இரண்டு பக்கமும் அளப்பது. எல்லாப் பிளக்கையும் கழற்றுங்கள். டிகிரி வீலைக் கிராங்கின் முனையில் மாட்டி, கம்பியைக் கூர்முனையாக வளைத்து இன்ஜின் போல்ட் ஒன்றில் இறுக்குங்கள். பிஸ்டன் ஸ்டாப்பைப் பிளக் துளையில் மாட்டி, கிராங்கை மெதுவாக ஓடும் திசையில் திருப்பி, பிஸ்டன் ஸ்டாப்பைத் தொட்டதும் எண்ணைக் குறியுங்கள். பிறகு எதிர்த் திசையில் திருப்பி, மறுபக்கம் தொடும்போது குறியுங்கள். ஒரு பக்கம் 38, மறுபக்கம் 42 என்று வந்தால், வீலை 2 டிகிரி நகர்த்தி இரண்டு பக்கமும் 40 வரும்படி செய்யுங்கள். இப்போது வீலின் பூஜ்யம் உண்மையான டிடிசி.

ஸ்டாப் இல்லையென்றால், பிளக் துளை நேராக நடுவில் இறங்கும் நான்கு வால்வு ஹெட்டில் நீண்ட முனை போட்ட டயல் கேஜே போதும். உச்சிக்கு முன் 1 மிமீ, பின் 1 மிமீ, இரண்டுக்கும் நடு. தத்துவம் அதேதான். எந்த முறையானாலும் ஸ்டார்ட்டர் பொத்தானில் கை படக் கூடாது. பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

லோப் சென்டரை எப்படிக் கணக்கிடுவது?

லோப் சென்டர் என்பது கேம் மூக்கின் நடு, கிராங்கின் எந்த டிகிரியில் வருகிறது என்பது. இன்டேக்குக்கு டிடிசிக்குப் பின் இத்தனை டிகிரி என்றும், எக்ஸாஸ்டுக்கு டிடிசிக்கு முன் இத்தனை டிகிரி என்றும் சொல்வது வழக்கம்.

டயல் கேஜின் முனையை, வால்வின் மேல் கவிழ்ந்திருக்கும் பக்கெட்டின் விளிம்பில் வையுங்கள். கேஜ் வால்வுத் தண்டுக்கு இணையாக நிற்க வேண்டும். சாய்ந்து நின்றால் லிஃப்ட், அதாவது வால்வு இறங்கும் தூரம், தப்பாகக் காட்டும். வால்வு மூடியிருக்கும்போது பூஜ்யம் வைத்து, கிராங்கை ஓடும் திசையில் திருப்பி, வால்வு 1.00 மிமீ இறங்கியதும் டிகிரியைக் குறியுங்கள். தொடர்ந்து திருப்புங்கள். வால்வு முழுக்கத் திறந்து, திரும்பி ஏறி, மூட 1.00 மிமீ இருக்கும்போது மறுபடி குறியுங்கள்.

இன்டேக் டிடிசிக்கு 16 டிகிரி முன் திறந்து, பிடிசிக்கு, அதாவது பிஸ்டனின் அடி நிலைக்கு, 50 டிகிரி பின் மூடுகிறது என்று வைப்போம். மொத்தம் 16 + 180 + 50 = 246. பாதி 123. அதிலிருந்து 16-ஐக் கழித்தால் 107. இன்டேக் லோப் சென்டர் டிடிசிக்குப் பின் 107.

எக்ஸாஸ்ட் பிடிசிக்கு 44 முன் திறந்து, டிடிசிக்கு 12 பின் மூடுகிறது என்றால், 44 + 180 + 12 = 236. பாதி 118. அதிலிருந்து 12 போனால் 106. டிடிசிக்கு முன் 106.

கம்பெனி கேம்களில் 1 மிமீ லிஃப்டில் அளக்கும்போது இன்டேக் சில சமயம் டிடிசிக்குப் பிறகே திறக்கும். பயப்பட வேண்டாம், அதைக் கழித்தல் எண்ணாக எடுத்துக்கொள்ளுங்கள். டிடிசிக்கு 4 பின் திறந்து, பிடிசிக்கு 34 பின் மூடினால், 180 + 34 − 4 = 210. பாதி 105. கழித்தல் 4-ஐக் கழிப்பது 4-ஐக் கூட்டுவது, ஆக 109.

உச்ச லிஃப்ட் வரும் இடத்தையே நேராகப் பார்த்துவிடலாமே?

டிடிசியில் இருந்த அதே சிக்கல்தான். மூக்கின் உச்சியில் கேஜ் முள் பல டிகிரிக்கு அசையாது. 1 மிமீயில் கேம் வேகமாக ஏறிக்கொண்டிருக்கும், அரை டிகிரிகூட முள்ளில் தெரியும். கேம் செய்தவரின் தாளில் வேறு லிஃப்ட் போட்டிருந்தால், உதாரணமாக 1.27 மிமீ, அதையே பின்பற்றுங்கள். ஏறும் பக்கமும் இறங்கும் பக்கமும் ஒரே வடிவில் இல்லாத கேம்கள் உண்டு, அவற்றில் லிஃப்டை மாற்றினால் நடுவும் மாறிவிடும்.

ஒவ்வொரு முறை அளக்கும்போதும் வேறு எண் வருகிறது. ஏன்?

முதல் தடவை என் 600 சிசி இன்ஜினில் எனக்கும் இதுதான் நடந்தது. இன்டேக் 104 என்று வந்தது, சந்தோஷமாக எழுதிக்கொண்டேன். சந்தேகத்துக்கு மறுபடி அளந்தால் 107. மூன்றாவது தடவை 105 அரை. மூன்று இரவு போயிற்று. பட்டறையில் எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த மாமா நான்காவது நாள் பக்கத்தில் வந்து நின்று, என் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்: "தாண்டிப் போயிட்டு இரண்டு டிகிரி பின்னாடி வர்ற பாரு, அங்கதான் தப்பு."

கிராங்க் ஓடும் திசையில் இழுக்கும்போது செயினின் ஒரு பக்கம் இறுகியிருக்கும். பல ஜப்பானிய நான்கு சிலிண்டர் இன்ஜின்களில் அது முன்பக்கம், எக்ஸாஸ்ட் பக்கம். தளர்ந்த பின்பக்கத்தில்தான் செயினை அழுத்தி இறுக்கும் டென்ஷனர் உட்கார்ந்திருக்கும். குறியைத் தாண்டிவிட்டு கிராங்கைப் பின்னால் திருப்பினால், இறுக்கம் மறுபக்கம் போய்விடுகிறது. வீல் காட்டும் எண்ணுக்கும் கேம் நிற்கும் இடத்துக்கும் தொடர்பு அறுந்துவிடும். தாண்டிவிட்டால் கால் சுற்றாவது பின்னால் போய், மறுபடி ஓடும் திசையிலேயே வந்து குறியைத் தொடுங்கள். இல்லையென்றால் இன்னும் இரண்டு சுற்று முன்னாலேயே சுற்றி வாருங்கள். நான் இரண்டாவதைத்தான் செய்கிறேன், கை வலித்தாலும்.

அதற்குப் பிறகும் எண் ஆடினால் டென்ஷனரைப் பாருங்கள். தானாக இறுகும் டென்ஷனர் கையால் சுற்றும்போது ஒரே மாதிரி அழுத்தாது. அளக்கும் நேரத்துக்கு மட்டும் கையால் இறுக்கும் டென்ஷனர் ஒன்றைப் போட்டுக்கொள்கிறேன். கம்பி முனையில் யாராவது இடித்துவிட்டார்களா என்றும் பாருங்கள். ஒவ்வொரு கேமுக்கும் முன்னால் டிடிசியை மறுபடி சரிபார்ப்பது இதற்காகத்தான்.

மூன்று முறை அளந்து மூன்றும் அரை டிகிரிக்குள் வந்தால்தான் அது எண். அதுவரை போல்ட்டைத் தளர்த்தாதீர்கள்.

வால்வு கிளியரன்ஸை முதலில் சரிசெய்ய வேண்டுமா, டைமிங்கையா?

கிளியரன்ஸ் முதலில். ஷிம் மாறினால் 1 மிமீ வரும் இடமும் மாறும். இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். ஹோண்டா கையேடுகளில் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழ் என்று இருக்கும். மதியம் இங்கே வெளி வெப்பமே 32 இருக்கும்போது, ஓட்டி வந்த வண்டி இரண்டு மணி நேரத்தில் அங்கே இறங்காது. முதல் நாள் இரவே விட்டுவிடுங்கள்.

107 வந்தது, 105 வேண்டும். எதை எந்தப் பக்கம் நகர்த்துவது?

இன்டேக்கில் எண் குறைய வேண்டுமென்றால் கேமை அட்வான்ஸ் செய்ய வேண்டும், வால்வு முன்னதாகத் திறக்க வேண்டும். எக்ஸாஸ்டில் தலைகீழ்: அங்கே எண் கூடினால்தான் அட்வான்ஸ். ஒரு தாளில் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். நள்ளிரவில் மூளை இதைத் திருப்பிப் போட்டுவிடும்.

ஸ்லாட் போட்ட ஸ்புராக்கெட்டின் இரண்டு போல்ட்டையும் தளர்த்துங்கள். ஸ்புராக்கெட் செயினின் பிடியில் அப்படியே நிற்கட்டும். கேமின் நடுவில் அறுகோணம் இருந்தால் அதில் ஸ்பேனரைப் போட்டு, கேமை மட்டும் ஓடும் திசையில் நகர்த்துங்கள். கிராங்கில் 2 டிகிரி என்றால் கேமில் 1 டிகிரிதான், கண்ணுக்கே சரியாகத் தெரியாத அசைவு. வால்வு ஸ்பிரிங் கேமைத் தன் இஷ்டத்துக்கு உருட்டப் பார்க்கும், ஸ்பேனரை விடாமல் இறுக்குங்கள். இறுக்கிய பிறகு மறுபடி முதலிலிருந்து அளவு. நகர்த்தியது போதும் என்று தோன்றுவதை எண்ணாக எடுத்துக்கொள்ள முடியாது.

எல்லாம் முடிந்த பிறகு ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றி, எண்ணெய் துடைத்து, போல்ட் பிடிக்கும் பசை தடவி, கையேட்டின் டார்க்குக்கு இறுக்குங்கள். இந்த போல்ட் ஒன்று ஓட்டத்தில் கழன்றால் இன்ஜினே போயிற்று. செயின் குழிக்குள் துணியைத் திணித்து வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். உள்ளே விழுந்த வாஷரைத் தேடி அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்பைக் கழற்றும் வேலை யாருக்கும் வேண்டாம்.

கேம் மூடிகளைக் கழற்றும்போதும் மாட்டும்போதும் கால் சுற்று கால் சுற்றாக, குறுக்கும் நெடுக்குமாக. பெரும்பாலும் 6 மிமீ போல்ட், 10 நியூட்டன் மீட்டர் அளவுதான். ஒரு பக்கம் மட்டும் இறுக்கிப் போனால் மூடி வெடித்துவிடும், மூடி தனியாகக் கிடைக்காது, ஹெட்டோடுதான் வாங்க வேண்டும்.

ஸ்லாட் இல்லாத ஸ்புராக்கெட்டில் அரத்தால் துளையை நீட்டலாமா?

கையால் வேண்டாம். மில்லிங் இயந்திரத்தில், கேமின் மையத்தை ஒட்டிய வளைவில் வெட்டித் தரச் சொல்லுங்கள். சில இன்ஜின்களில் ஸ்புராக்கெட் கேமில் அழுத்திப் பொருத்தப்பட்டிருக்கும், அங்கே இந்தப் பேச்சே இல்லை.

அப்படியானால் எந்த எண் நல்லது?

எங்கே ஓட்டுகிறீர்கள் என்று சொல்லுங்கள். இங்கே விரைவுச்சாலையில்கூட உச்ச வேக வரம்பு மணிக்கு 90 கிலோமீட்டர். காலையில் பிஐஇ விரைவுச்சாலையில் ஊர்ந்து, இரவு உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்று ஓட்டும் வண்டிக்கு 13,000 சுற்றில் கிடைக்கும் சக்தியால் என்ன பயன்? இன்டேக்கைக் கொஞ்சம் அட்வான்ஸ் செய்யுங்கள், எக்ஸாஸ்டைக் கம்பெனி எண்ணில் விடுங்கள். நடுச் சுற்றில் வண்டி இழுக்கும் விதத்திலேயே வித்தியாசம் தெரியும்.

செப்பாங் வேறு. தடத்தின் நீளம் 5.543 கிலோமீட்டர், அருகருகே இரண்டு நீண்ட நேர்ப்பாதை, நடுவில் ஒரு கொண்டையூசி வளைவு. நேர்ப்பாதையின் முடிவில் உச்சச் சுற்று வேண்டும், ஆனால் மெதுவான வளைவிலிருந்து வெளியேறும்போது நடுச் சுற்றும் வேண்டும். 600 சிசி இன்ஜினில் இன்டேக் 105, எக்ஸாஸ்ட் 105 பக்கத்தில் தொடங்கி, சக்தி அளக்கும் டைனோவில் இரண்டு இரண்டு டிகிரியாக நகர்த்திப் பார்ப்பேன். ஒரு நேரத்தில் ஒரு கேம் மட்டும். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது உதவியது என்று தெரியாது.

இரண்டு லோப் சென்டரையும் குறைத்தால் ஓவர்லாப் கூடும், அதாவது இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம். உச்சச் சுற்றில் எக்ஸாஸ்ட் ஓட்டமே புதுக் காற்றை இழுத்துத் தரும். ஐட்லிங்கில் அதே ஓவர்லாப் இன்ஜினைத் திணற வைக்கும். வெறும் டைமிங்கால் குதிரைத்திறன் அள்ளிக்கொண்டு வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். சக்தி வளைவின் வடிவத்தை உங்களுக்கு வேண்டியபடி சாய்ப்பதுதான் இதில் கிடைப்பது, ஓட்டுபவருக்கு அது பெரிய விஷயம்.

இன்டேக்கை அட்வான்ஸ் செய்தால் வால்வு முன்னதாக மூடும், சிலிண்டரில் உண்மையான அழுத்தம் கூடும். கம்ப்ரெஷன் ஏற்கெனவே ஏற்றிய இன்ஜினில் பெட்ரோலையும் யோசியுங்கள். இங்கே 98 ஆக்டேன் போடலாம். எல்லை தாண்டி மலேசியாவுக்குள் போனால் வெளிநாட்டுப் பதிவு வண்டிகளுக்கு ரான்95 விற்க மாட்டார்கள், ரான்97தான். டியூனிங்கை அதற்குத் தக்கபடி செய்துகொள்ளுங்கள்.

வால்வு பிஸ்டனில் இடிக்குமா?

இடிக்கலாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

டிடிசியைச் சுற்றித்தான் ஆபத்து. எக்ஸாஸ்ட் வால்வு மூடிக்கொண்டிருக்கும்போது பிஸ்டன் அதைத் துரத்திக்கொண்டு ஏறுகிறது. பொதுவாக டிடிசிக்கு 10 டிகிரி முன் மிக நெருங்கும். இன்டேக் வால்வு இறங்கும் பிஸ்டனைத் துரத்துகிறது. டிடிசிக்கு 10 டிகிரி பின் மிக நெருங்கும். இன்டேக்கை அட்வான்ஸ் செய்தாலும், எக்ஸாஸ்டை ரிட்டார்ட் செய்தாலும் இடைவெளி குறையும். ஓவர்லாப் கூட்ட நாம் செய்வது இந்த இரண்டையும்தான்.

நான் வைத்துக்கொள்ளும் குறைந்தபட்சம் இன்டேக்குக்கு 1 மிமீ, எக்ஸாஸ்டுக்கு 1.5 மிமீ. கேம் செய்தவர் இதைவிடக் கூடச் சொன்னால் அவர் சொல்வதே கணக்கு. நின்றிருக்கும் இன்ஜினில் 1 மிமீ அதிகமாகத் தெரியும். ஓட்டத்தில் கனெக்டிங் ராட் நீள்கிறது, செயின் துடிக்கிறது, வால்வு கேமை விட்டுத் துள்ளலாம். சூட்டில் அதிகம் நீள்வதும் பிஸ்டன் துரத்துவதும் எக்ஸாஸ்ட் வால்வு என்பதால் அதற்குக் கூடுதல் இடம்.

அளக்கும் முறை: சோதனைக்காக முதல் சிலிண்டரில் மட்டும் மெல்லிய ஸ்பிரிங் போடுங்கள். டிடிசிக்கு 16 டிகிரி முன்பிருந்து 16 டிகிரி பின் வரை, 2 டிகிரிக்கு ஒரு முறை நிறுத்தி, வால்வைக் கையால் தள்ளி, பிஸ்டனைத் தொடும் வரை எவ்வளவு இறங்குகிறது என்று டயல் கேஜில் பாருங்கள். ஸ்பிரிங் மாற்ற வசதி இல்லையென்றால் பிளாஸ்டிசின் களிமண் முறை. பிஸ்டன் பள்ளங்களில் 5 மிமீ தடிமனுக்கு வைத்து, வால்வில் எண்ணெய் தடவி, ஹெட்டைப் பழைய கேஸ்கெட்டோடு முறையான டார்க்கில் இறுக்கி, கையால் இரண்டு சுற்று சுற்றிக் கழற்றுங்கள். களிமண்ணைப் பிளேடால் வெட்டி மிக மெல்லிய இடத்தை அளக்கலாம். பள்ளத்தின் சுவரில் வால்வு விளிம்பு எவ்வளவு ஒட்டிப் போகிறது என்பதையும் களிமண்தான் காட்டும்.

எனக்கு ஒரு வால்வு வளைந்த கதையைச் சொல்ல வேண்டும். எக்ஸாஸ்ட் கேமை ஒரு பல் தள்ளி மாட்டியிருந்தேன். கிராங்கைத் திருப்பும்போது ஓரிடத்தில் கெட்டியாக நின்றது. பிளக் எல்லாம் வெளியே இருக்கிறது, கம்ப்ரெஷன் இருக்க வழியே இல்லை. அது தெரிந்தும் ஸ்பேனரை இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். அந்தக் கொஞ்சம்தான் வால்வுத் தண்டை வளைத்தது. ஹெட் மறுபடி இறங்கியது, அந்த மாதச் சம்பளத்தில் பெரிய துண்டு போனது. கையால் சுற்றும்போது எதிர்ப்பு தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். பின்னால் திருப்புங்கள். ஏன் என்று தெரியும் வரை முன்னால் போகாதீர்கள்.

இக்னிஷன் டைமிங்கும் மாறிவிடுமா?

பெரும்பாலான இன்றைய வண்டிகளில் மாறாது. தீப்பொறி கிராங்கில் உள்ள சென்சாரைப் பார்த்து வருகிறது. ஆனால் காற்று நிரம்பும் அளவு மாறியதால் பெட்ரோல் மேப் கட்டாயம் திருத்த வேண்டும்.

சுற்றுக்குத் தக்கபடி வால்வு வேலையை மாற்றும் விடெக், விவிடி உள்ள இன்ஜினில் எப்படி அளப்பது?

நம் சாலையில் அதிகம் பார்க்கும் ஹோண்டா சிபி400 சூப்பர் ஃபோர் விடெக்கில், குறைந்த சுற்றில் ஒரு சிலிண்டருக்கு இரண்டு வால்வு மட்டுமே வேலை செய்யும். உயர்ந்த சுற்றில்தான் நான்கும். நிறுத்தி வைக்கப்பட்ட வால்வின் மேல் பக்கெட் அசையும், வால்வு அசையாது. அதனால் எப்போதும் வேலை செய்யும் வால்வில் கேஜை வையுங்கள். 2017 முதல் வந்த சுசுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர்1000இல் இன்டேக் ஸ்புராக்கெட்டுக்குள் இரும்புக் குண்டுகள் உண்டு. சுற்று ஏறும்போது அவை வெளியே ஓடி இன்டேக்கை ரிட்டார்ட் செய்கின்றன. நின்ற இன்ஜினில் நீங்கள் அளப்பது குறைந்த சுற்றின் எண் மட்டுமே. யமஹாவின் 155 சிசி விவிஏ இன்ஜினில் இன்டேக்குக்கு இரண்டு லோப். எந்த லோபை அளக்கிறோம் என்று தெரிந்து அளக்க வேண்டும். கம்பெனியே இப்படி இரண்டு பக்கமும் பார்த்துச் செய்த இன்ஜினில் கை வைக்க நான் அவசரப்பட மாட்டேன்.

டுகாட்டிக்கும் இதே முறையா?

அளவும் கணக்கும் அதேதான். டெஸ்மோ வகை டுகாட்டி இன்ஜின்களில் வால்வை மூடுவது ஸ்பிரிங் அல்ல, இன்னொரு ராக்கர். அதனால் மூடும் பக்கக் கிளியரன்ஸையும் முதலில் பார்க்க வேண்டும். வி இன்ஜினில் ஒவ்வொரு ஹெட்டையும் அதனதன் டிடிசி வைத்துத் தனித்தனியாக அளக்க வேண்டும். பெல்ட் உள்ளவற்றில் பெல்ட் இறுக்கம் மாறினாலே டைமிங் மாறும்.

சிங்கப்பூரில் இதைச் செய்ய அனுமதி உண்டா?

நிலப் போக்குவரத்து ஆணையம் வாகன மாற்றங்களை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது: அனுமதி தேவையில்லாதவை, அனுமதி பெற வேண்டியவை, செய்யவே கூடாதவை. தேய்ந்த செயினை மாற்றிக் கம்பெனி எண்ணுக்கே டைமிங்கைக் கொண்டுவருவது பழுதுபார்ப்பு. வேறு கேம், உயர்ந்த கம்ப்ரெஷன் என்று போவதானால் வேலை தொடங்கும் முன் ஆணையத்திடம் கேளுங்கள். மூன்று வயதைத் தாண்டிய மோட்டார்சைக்கிள் ஆண்டுதோறும் சோதனைக்குப் போக வேண்டும். புகையும் சத்தமும் அங்கே தெரிந்துவிடும். தடத்துக்கான இன்ஜினைத் தட வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

வீவக அடுக்குமாடி வாகன நிறுத்துமிடத்தில் வைத்துச் செய்யலாமா?

வேண்டாம். திறந்த ஹெட்டில் தூசி விழும், மழைச் சாரல் அடிக்கும், பாதியில் விட்டுப் போகவும் முடியாது. தெரிந்த பட்டறையில் ஒரு மூலையைக் கேட்டு வாங்குங்கள்.

முடித்தாயிற்று. முதல் ஸ்டார்ட்டுக்கு முன் என்ன?

உண்மையான டென்ஷனரை மாட்டி, கையால் எட்டுச் சுற்றாவது சுற்றுங்கள். மறுபடி ஒரு முறை இரண்டு லோப் சென்டரையும் அளங்கள். டென்ஷனர் மாறியதால் ஒரு டிகிரி நகர்ந்திருந்தால் இப்போதே தெரியட்டும். லோப்களில் மாலிப்டினம் பசை தடவுங்கள். செயின் குழியில் திணித்த துணிகளை எண்ணி வெளியே எடுங்கள். நான் எத்தனை திணித்தேன் என்று டேப்பில் எழுதிக் கவர் மேல் ஒட்டிவைப்பேன். பிளக் இல்லாமல் ஸ்டார்ட்டரில் சுற்றி எண்ணெய் அழுத்தம் வரவிட்டு, பிறகு பிளக் போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.

டைனோவுக்குப் போகும் முன் கம்ப்ரெஷன் அளந்து, லோப் சென்டர் எண்கள், கிளியரன்ஸ், கேஸ்கெட் தடிமன், தேதி எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி வையுங்கள். புதுச் செயின் முதல் ஓட்டங்களில் கொஞ்சம் நீளும். முதல் தட நாள் முடிந்து வந்ததும் நான் கவரைத் திறந்து மறுபடி அளக்கிறேன், அந்தத் தாளுக்குப் பக்கத்தில் இரண்டாவது வரிசை எழுதுகிறேன்.